ஹரீரீயின் சபையில் ஒரு கவித் திருட்டு வழக்கு

அரபு மதரஸாவில் ஓதிய நாட்களில் எங்களை அச்சுறுத்திய கிதாபுகள் இரண்டு. ஒன்று மன்திக், மற்றொன்று 'மகாமாத்துல் ஹரீரீ'. முன்னது அறிவை அச்சுறுத்தியது. பின்னது அகராதியைத் தேய வைத்தது. ஒரு வரியைப் பொருளுணர்ந்து படிக்க நான்கு முறை 'காமூஸ்' புரட்ட வேண்டும். ஸுப்ஹு தொழுகைக்குப் பின் மங்கலான விளக்கொளியில் வட்டமாக அமர்ந்து, தூக்கக் கலக்கத்தோடு அடுக்கடுக்கான எதுகைச் சொற்களில் இடறி இடறி ஓதிக்கொண்டிருப்போம். ஆயினும் ஒருநாள் பாடத்தில் மட்டும் வகுப்பு முழுவதும் வாய்விட்டுச் சிரித்தது. எங்கள் உஸ்தாதும் தாடியைத் தடவியவாறு புன்னகை புரிந்தார்கள். அது இருபத்து மூன்றாவது மகாமா. 'அஷ்ஷிஃரிய்யா', அதாவது கவிதை பற்றியது எனப் பெயர் பெற்றது. சிரிப்பு அடங்கியதும் உஸ்தாத் அவர்கள், "தம்பிமார்களே! இந்த வழக்கை எழுதியவர் மீதே இதே வழக்கு வந்தது தெரியுமா?" என்று கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்று அவர்கள் சொன்னதையும், பின்னர் யான் தேடிப் படித்ததையும் சேர்த்து ஈண்டு வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

மகாமா என்பது என்ன? மக்கள் கூடி நிற்கும் இடத்தையும் அக்கூட்டத்தில் ஆற்றப்படும் உரையையும் இச்சொல் குறிக்கும். நாம் இன்று நாவல் என்று கூறும் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் நாவலுக்கு உரிய சில உறுப்புகள் இதில் முன்னரே அமைந்து கிடக்கின்றன. ஊர் ஊராகச் சுற்றும் ஒரு நாயகன் உண்டு. அவனைக் கண்டு கதை கூறும் ஓர் அறிவிப்பாளர் உண்டு. சந்தையும் பள்ளிவாசலும் நீதிமன்றமும் நூலகமும் களங்களாக உண்டு. ஹிஜ்ரி 398 (கி.பி. 1008)இல் ஹிராத் நகரில் மறைந்த பதீஉஸ்ஸமான் அல்ஹமதானீ இவ்வகையைத் தோற்றுவித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் பஸராவின் அபூ முஹம்மத் அல்காஸிம் அல்ஹரீரீ (ஹிஜ்ரி 446-516, கி.பி. 1054-1122) அதனை உச்சிக்கு ஏற்றினார். ஐம்பது மகாமாக்கள். நாயகர் அபூ ஸைத் அஸ்ஸரூஜீ: முதியவர், பேரறிவாளர், சொல்லின் செல்வர், ஆனால் முழு ஏமாற்றுக்காரர். அறிவிப்பாளர் அல்ஹாரித் இப்னு ஹம்மாம். ஒவ்வொரு மகாமாவிலும் அபூ ஸைத் வெவ்வேறு வேடத்தில் வந்து, நாவன்மையால் ஊராரை மயக்கி, பொருள் பறித்து நழுவுவார். ஹாரித் பெரும்பாலும் இறுதியில்தான் அவரை அடையாளம் காண்பார்.

இனி வழக்குக்கு வருவோம். ஹாரித் பக்தாதில் கலீஃபாவின் மாளிகையைச் சூழ்ந்த பகுதியில் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு முதியவர் ஓர் இளைஞனின் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு ஆளுநரிடம் போகிறார், பின்னால் கூட்டம். முதியவரின் முறையீடு இது: இப்பையன் தந்தையற்றவனாய் இருந்தபோதே எடுத்து வளர்த்தேன், கல்வி புகட்டினேன், தேர்ந்ததும் எனக்கே பகைவனானான். "அப்படி நான் என்ன செய்துவிட்டேன்?" என்கிறான் இளைஞன். என் பாட்டைத் திருடினாயே, அதைவிடக் கேடு வேறு என்ன என்று முதியவர் சீறுகிறார். புலவர்க்கு வெள்ளியும் பொன்னும் களவு போவதைவிடக் கவி களவு போவது கொடியது. கன்னிப் பெண் மக்களைக் காப்பது போலவே அவர்கள் தம் சிந்தனையின் மக்களைக் காப்பவர்கள் என்பது அவர் வாதம்.

இங்கே ஆளுநர் கேட்கும் கேள்வியில்தான் அக்காலத்து இலக்கிய உலகின் முகம் தெரிகிறது. காவல் பொறுப்பிலுள்ள ஓர் அதிகாரி களவு வழக்கில் எதைக் கேட்பார்? எப்போது, எங்கே, சாட்சி யார் என்று கேட்பார். இவரோ, திருடியவன் செய்தது 'ஸல்கா', 'மஸ்கா', 'நஸ்கா' என்று கேட்கிறார்! நஸ்க் என்பது அப்படியே பெயர்த்தெழுதல். மஸ்க் என்பது சொற்களை ஆங்காங்கே மாற்றி உருக்குலைத்தல். ஸல்க் என்பது தோலை உரித்துவிட்டு உள்ளிருக்கும் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளல். அணியிலக்கண ஆசிரியர்களின் கலைச்சொற்களில் ஆளுநர் விசாரணை நடத்துகிறார். நம்மூர்க் காவல் நிலையத்தில் மாடு களவு போனதென்று முறையிட்டால், அங்கிருப்பவர் ஆகுபெயரா அன்மொழித்தொகையா என்று கேட்பதைப் போன்றது இது. வகுப்பு சிரித்ததன் காரணம் அதுவே.

முதியவர் கூறும் விடை அதனினும் சுவையானது. இவன் நஸ்கும் செய்யவில்லை, மஸ்கும் செய்யவில்லை. என் பாட்டின் வாலை வெட்டி, மூன்றில் இரண்டு பங்கை ஓட்டிக்கொண்டு போனான் என்கிறார். பாட்டைச் சொல் என்கிறார் ஆளுநர். உலகம் என்னும் வஞ்சகியை மணம் பேசத் துடிப்பவனை எச்சரிக்கும் பாட்டு அது. 'காமில்' என்னும் சந்தத்தில், அடிக்கு ஆறு சீர். தமிழ் யாப்பறிந்தார்க்கு இவ்வாறு விளக்கலாம்: அறுசீர் அடி ஒவ்வொன்றிலும் இறுதி இரு சீர்களை வெட்டி எறிந்துவிட்டால், எஞ்சிய நாற்சீர் அடிகள் பொருளும் சிதையாமல், சந்தமும் குலையாமல், தமக்கென வேறோர் இயைபுத் தொடையோடு தனிப்பாட்டாகவே நிற்கின்றன. இளைஞனின் பாட்டு அந்த நாற்சீர்ப் பாட்டு! இதற்கு அரபு அணியிலக்கணத்தில் 'தஷ்ரீஃ' என்று பெயர். ஒரே பாட்டில் இரு பாட்டுகளை ஒளித்து வைக்கும் வித்தை.

சற்றே நின்று நோக்கினால் வழக்கின் உட்பொருள் விளங்கும். இவ்வாறு வெட்டியும் நிற்கக்கூடிய பாட்டைத் தற்செயலாக ஒருவர் பாட முடியாது. வெட்டுவதற்கென்றே திட்டமிட்டுத்தான் பாட வேண்டும். அதாவது, திருடப்படுவதற்காகவே புனையப்பட்ட பாட்டு அது. ஆளுநர் இதைக் காணவில்லை. கலைச்சொல் தெரிந்தவர்க்கு வித்தை தெரியவில்லை!

இளைஞனும் இளைத்தவனல்லன். இவர் பாட்டை நான் கேட்டதே இல்லை. ஒரு குதிரையின் குளம்புச் சுவட்டின் மீது மற்றொரு குதிரையின் குளம்பு பதிவது போல் இருவர் எண்ணமும் ஒன்றாகிவிட்டது என்று சாதிக்கிறான். இதுவும் இலக்கண ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்ட வாதமே, 'தவாருத்' என்பர். திகைத்த ஆளுநர் ஒரு தேர்வு வைக்கிறார். இருவரும் மாறி மாறி, தம் கண்முன்னேயே, சொல்லணி அமைந்த அடிகளைப் பாட வேண்டும். அவர்கள் பாடுகிறார்கள்; ஒருவர்க்கொருவர் சளைக்கவில்லை. ஆளுநர் இருவரையும் மெச்சிச் சமாதானம் செய்துவைத்து, பரிசும் அளித்து அனுப்புகிறார். அவர்கள் போனபின், அந்த முதியவர் யாரென்று ஹாரிதிடம் விசாரித்தபோதுதான் ஏமாந்தது தெரிகிறது. வாதியும் பிரதிவாதியும் ஒரே கூட்டு. அபூ ஸைதும் அவர் ஆளும்! ஆளுநர் சினங்கொள்கிறார். ஆனால் செய்தி பக்தாதில் பரவினால் கலீஃபாவிடம் தம் மதிப்புப் போய்விடுமே! ஆகவே, இந்நகரில் இருக்கும்வரை யாரிடமும் சொல்லாதே என்று ஹாரிதிடம் உறுதிமொழி வாங்கிக்கொள்கிறார்.

இந்நையாண்டி வெறும் கற்பனையில் பிறந்ததன்று. கவித் திருட்டு பற்றிய பேச்சு அரபு இலக்கிய உலகை நானூறு ஆண்டுகளாக ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. உமையாக்கள் காலத்துப் பெருங்கவிஞர் ஃபரஸ்தக் பிறர் கவியை மறைவாக எடுத்தாரல்லர். பட்டப் பகலில் பறித்தார். ஷமர்தல் என்னும் கவிஞர் ஓர் அடியைப் பாடக் கேட்டவர், ஒன்று இதை விட்டுவிடு, அல்லது உன் மானத்தை விட்டுவிடு என்று மிரட்டினார். ஃபரஸ்தக்கின் வசைக்கு அஞ்சிய ஷமர்தல், எடுத்துக்கொள்ளும், அல்லாஹ் அதில் உமக்கு பரக்கத் செய்யாதிருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். இப்னு ரஷீக் தம் 'அல்உம்தா'வில் இதனை 'கஸ்ப்', அதாவது வன்பறிப்பு என்றே வகைப்படுத்துகிறார்.

அப்பாஸியர் காலத்தில் இது ஆராய்ச்சியாகவும், ஆராய்ச்சி என்ற பெயரில் பொறாமையாகவும் வளர்ந்தது. அபூ தம்மாமையும் புஹ்துரீயையும் நிறுத்துப் பார்த்து 'அல்முவாஸனா' எழுதிய அல்ஆமிதீ, யார் யாரிடமிருந்து எதை எடுத்தார் என்று பட்டியலிட்டார். முதனப்பீ (மறைவு ஹிஜ்ரி 354, கி.பி. 965) பெயர் பெற்றதும் அவர் திருடியவற்றைக் காட்டுவதற்கென்றே நூல்கள் கிளம்பின. பக்தாதில் அல்ஹாதிமீ நேரிலேயே சென்று அவரைக் குடைந்தார், அதையும் நூலாக்கினார். நடுவுநிலையோடு நின்று தீர்ப்புக் கூறியவர் காழீ அல்ஜுர்ஜானீ. அவருடைய 'அல்வஸாதா' இன்றும் படிக்கத்தக்கது. வீரனைச் சிங்கமென்றும் வள்ளலைக் கடலென்றும் கூறுவது எல்லார்க்கும் பொதுச் சொத்து. அதில் திருட்டு ஏது என்று அவர் கேட்கிறார். காழீயாய் இருந்தவரல்லவா! களவு என்று தீர்ப்பளிப்பதற்குமுன், களவு போன பொருள் தனி உடைமைதானா என்று பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் பழகிய நியாயம். பிற்காலத்தில் தஃப்தாஸானீயின் 'முக்தஸருல் மஆனீ'யின் இறுதிப் பகுதியில் இவ்வகைகள் யாவும் பாடமாகவே அமைந்துவிட்டன. அதை ஓதாத ஆலிம் அருமை.

தமிழிலும் முதனூல், வழிநூல், சார்புநூல் என்று இலக்கண நூலார் நூல்களைப் பகுத்திருப்பதை ஈண்டு நினைக்கத் தோன்றுகிறது. முன்னோர் நூலைத் தழுவி எழுதுவதற்கு அவர்கள் ஒரு மதிப்பான இடமே அளித்தனர். அரபிகள் அதையே நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரித்தனர். எது நன்று என்று கூற யான் துணியேன்.

இனி ஹரீரீயின் கதை. பஸராவில் பனூ ஹராம் என்னும் பகுதியில் அவர் வாழ்ந்தார். அருகிலுள்ள மஷான் என்னும் சிற்றூரில் பேரீச்சந் தோப்புகள் இருந்தன; பதினெண்ணாயிரம் மரங்கள் என்பர். அரசுக்குச் செய்தி திரட்டி அனுப்பும் பதவியும் வகித்தார். தோற்றப் பொலிவு சிறிதும் இல்லாதவர். சிந்திக்கும்போது தாடி முடியைப் பிய்க்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. இந்தச் சிறு வழக்கம் பின்னால் வரும் கதைக்கு வேண்டியிருக்கிறது; வாசகர் மனத்தில் கொள்க.

ஒருநாள் பனூ ஹராம் பள்ளிவாசலில் கந்தலாடை அணிந்த முதியவர் ஒருவர் எழுந்து உதவி கோரினார். சரூஜ் தம் ஊர் என்றும், ரூமியர் தம் மகளைச் சிறைபிடித்தனர் என்றும் அவர் கூறிய சொல்லழகில் அவையோர் மயங்கினர். அன்றிரவே ஹரீரீ அதை வைத்து ஒரு மகாமா எழுதினார். இன்று நாற்பத்தெட்டாவதாக உள்ள 'அல்ஹராமிய்யா' அதுவே என்பர். பெரியோர் ஒருவர் அதைக் கண்டு மேலும் எழுதத் தூண்டவே, நாற்பது மகாமாக்கள் ஆயின. அவற்றை எடுத்துக்கொண்டு அவர் பக்தாத் சென்றார்.

பக்தாத் நம்பவில்லை. இந்த அழகற்ற பஸராக்காரரா இவற்றை எழுதினார்? மஃரிபு நாட்டுப் புலவர் ஒருவர் பஸராவில் வந்து இறந்தார். அவருடைய ஏடுகள் இவர் கைக்குக் கிட்டின. தம்முடையவை என்று கூறித் திரிகிறார் என்று பேச்சுக் கிளம்பியது. வஸீர் அவரைத் திவானுக்கு அழைத்தார். உமது தொழில் என்ன என்று கேட்க, யான் எழுத்தாளன் என்றார் ஹரீரீ. அப்படியாயின் இன்ன நிகழ்ச்சியைப் பற்றி இங்கேயே ஒரு மடல் எழுதும் என்று வஸீர் பணித்தார். மைக்கூடும் தாளும் எடுத்துக்கொண்டு அவர் ஒரு மூலையில் அமர்ந்தார். நேரம் கடந்தது. ஒன்றும் வரவில்லை. நாணித் தலைகுனிந்து எழுந்து போனார்.

இப்னு கல்லிகான் தம் 'வஃபயாதுல் அஃயான்' நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். அத்தோடு விடவில்லை பக்தாத். இப்னு அஃப்லஹ் என்ற கவிஞர் ஹரீரீயின் தாடி பிய்க்கும் வழக்கத்தைச் சுட்டி, மஷானில் வாய் திறந்தவர் திவானில் ஊமையானார் என்று கேலிப்பாட்டுப் புனைந்தார். அப்பாட்டு இன்றும் நிலைத்திருக்கிறது. பாவம், கேலி செய்யப்பட்டவரின் புகழைப் பிடித்துக்கொண்டுதான் கேலி செய்தவரின் அடிகள் நம்வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

இவ்வரலாற்றை அறிந்தபின் மகாமாத்தைத் திறந்தால் இரண்டாவது மகாமா வேறு விதமாகத் தோன்றும். அது 'அல்ஹுல்வானிய்யா'. ஒரு நூலகத்தில் இலக்கிய அன்பர்கள் கூடியிருக்கின்றனர். ஒருவர் புஹ்துரீயின் கவித்தொகையைப் படித்து, பற்களை முத்துக்கு ஒப்பிட்ட ஓர் அடியை வியக்கிறார். கடைவாயிலில் கந்தலோடு வந்தமர்ந்த ஒருவர், இதனினும் மேலானதை யான் சொல்கிறேன் என்று பாடுகிறார். யாருடையது என்று கேட்கிறார்கள்; என்னுடையது என்கிறார். அவையோர் முகத்தில் ஐயம் படர்கிறது. ஐயங்களில் சில பாவம் என்று ஸூரத்துல் ஹுஜுராத் எச்சரித்திருப்பதை அவர் நினைவூட்டுகிறார். பின்னர், வேண்டுமாயின் சோதித்துப் பாருங்கள் என்கிறார். டமாஸ்கஸ் கவிஞர் வஃவாவின் ஓர் அடியைக் கொடுத்து இதைப் போல் பாடு என்கின்றனர். கண்ணிமைக்கும் நேரத்தில் பாடிவிடுகிறார். அவரே அபூ ஸைத்.

கந்தல் கட்டிய கற்பனை மனிதன் நொடியில் வென்ற தேர்வில், அவனைப் படைத்தவர் மைக்கூட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். இருபத்து மூன்றாவது மகாமாவிலும் அதே தேர்வுதான்: என் கண்முன் பாடு! அங்கு அதில் வென்றவர்கள் இருவரும் மோசடிக்காரர்கள். தேர்வு வைத்தவர் மூடர். முன்னிலையில் பாடிக் காட்டுவது திறமைக்குச் சான்றாகலாம், உரிமைக்குச் சான்றாகாது. இளைஞன் அவ்வளவு அழகாகப் பாடியதனால் அவன் திருடவில்லை என்று ஆகிவிடுமா? ஹரீரீ திணறியதனால் திருடினார் என்று ஆகிவிடுமா? பக்தாதின் வஸீர் கேட்டிருக்க வேண்டியது மடலையன்று; ஹரீரீயின் வீட்டிலிருந்த அடித்துத் திருத்திய ஏடுகளை. அவர் எழுத்து நொடியில் பொழியும் எழுத்தன்று. செதுக்கிச் செதுக்கி அமைத்த எழுத்து. புள்ளியுள்ள எழுத்துச் சொல்லும் புள்ளியற்ற எழுத்துச் சொல்லும் மாறி மாறி வருமாறு ஒரு மடலையே அமைத்தவர் அவர். அத்தகையவரைத் திவான் மூலையில் உட்கார்த்தி வைத்தால் தாடி முடிதான் உதிரும்.

இதைப் பிறர் குற்றமாக மட்டும் எழுதிச் செல்ல என் மனம் ஒப்பவில்லை. யான் ஆசிரியனாகப் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில், மீலாது விழாக் கட்டுரைப் போட்டிக்கு ஒரு மாணவன் கட்டுரை தந்தான். மீனவக் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் வாய் திறவாதவன். கட்டுரையோ வயதுக்கு மீறியது. "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "நான்தான் ஹள்ரத்" என்றான். அப்படியானால் இங்கேயே ஒரு பக்கம் எழுது என்று என் மேசைக்கருகே உட்கார வைத்தேன். நான்கு வரி எழுதினான், அடித்தான், பிறகு அழுதான். பரிசை வேறொருவனுக்குக் கொடுத்தோம். சில மாதங்கழித்து அவன் தந்தை வஃபாத்தானபோது அவ்வீட்டுக்குச் சென்றேன். அந்தத் தாயார், "மவன் உங்களுக்காக எழுதினது ஹள்ரத்" என்று ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார்கள். அதே கட்டுரை ஏழு முறை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அடித்தலும் திருத்தலும். முதல் எழுத்து குழந்தை எழுத்து, ஏழாவது என் கைக்கு வந்த எழுத்து. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மகாமாத்தை நானே ஓதி முடித்துப் பத்தாண்டுகளுக்குப் பின் நடந்தது இது.

ஹரீரீ தம் முன்னுரையில் எழுதியிருப்பதை அன்று முதல் யான் வேறு கண்ணோடு படித்து வருகிறேன். இத்துறையில் முந்தியவர் பதீஉஸ்ஸமானே என்றும், பின் வருபவன் அவர் மிச்சத்தில்தான் அள்ள முடியும் என்றும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். அதன்பின், இந்நூலிலுள்ள கவிகளில் பிறருடையவை இவை மட்டுமே என்று எண்ணிக் காட்டுகிறார்: ஹுல்வானிய்யாவில் தனித்தனியான இரண்டு, கரஜிய்யாவின் முடிவில் இணையான இரண்டு. ஆக நான்கே, ஏனைய யாவும், நல்லதாயினும் தீயதாயினும், தம்முடையவை என்கிறார். நூற்றுக்கணக்கான அடிகள் கொண்ட ஒரு நூலில் நான்குக்குக் கணக்குக் கொடுக்கும் மனிதர்! களவுச் சொல் சுட்ட புண் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பிற்காலத்தார் அவரை முற்றிலும் விட்டுவைக்கவில்லை. இப்னுல் கஷ்ஷாப் மகாமாத்தில் மொழிக் குற்றங்கள் கண்டெழுதினார்; இப்னு பர்ரீ அதற்கு மறுப்பெழுதினார். பிறர் பிழையைத் திருத்த 'துர்ரதுல் கவ்வாஸ்' என்று ஒரு நூலே எழுதியவரல்லவா ஹரீரீ? எதிரிகளும் ஏடு தேடியிருப்பர். ஆனால் மஃரிபு நாட்டாரின் ஏடுகள் என்ற பேச்சு மட்டும் மெல்ல மறைந்துபோயிற்று.

அது மறைந்த விதத்தையும் இப்னு கல்லிகானே சொல்கிறார். திவானிலிருந்து தலைகுனிந்து சென்ற ஹரீரீ, ஊருக்குத் திரும்பி வாதம் செய்யவில்லை. கேலிப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு எழுதியதாகவும் அவர் குறிப்பிடவில்லை. பஸராவில் அமர்ந்து மேலும் பத்து மகாமாக்களை எழுதினார். திவானில் நாவெழாமற் போனது அவையச்சத்தால் என்று ஒரு சொல்லும் சேர்த்து பக்தாதுக்கு அனுப்பினார். நாற்பது ஐம்பதாயிற்று. அதன்பின் அவரிடம் நேரில் ஓதிச் சரிபார்க்க மாணவர் வந்துகொண்டே இருந்தனர். ஹிஜ்ரி 504இல் எழுதப்பட்டு, அவர் முன் ஓதப்பட்ட ஒரு பிரதி கெய்ரோ நூலகத்தில் இருக்கிறது. சுமார் எழுநூறு பிரதிகளுக்கு அவர் தம் கையாலேயே இஜாஸத் எழுதிக் கொடுத்ததாக யாகூத் அல்ஹமவீ குறிக்கிறார்.